இங்கிலாந்துக்குப் போகிறோம், காரையும் கொண்டு போகலாமா?

மட்டக்களப்பு நகரை அண்டிய ஊரொன்றிலிருந்து ஒரு தாதிய உத்தியோகத்தர் எழுதியிருக்கிறார். பெயர், ஊர் தவிர்த்து அவருடைய கடிதத்தின் சாரம் இது.

அவருக்கு இங்கிலாந்தில் ஒரு வைத்தியசாலையில் வேலை கிடைத்திருக்கிறது. விசாவும் வந்துவிட்டது. அவர் முதலில் போகிறார், கணவரும் இரண்டு பிள்ளைகளும் நான்கு மாதம் கழித்துப் போகிறார்கள். வீட்டில் 2017ஆம் ஆண்டுத் தயாரிப்பான டொயோட்டா கொரோலா அக்சியோ ஹைபிரிட் கார் ஒன்று இருக்கிறது. ஜப்பானில் ஓடிய காரை 2019இல் லீசிங்கில் எடுத்தார்கள். பதிவு கணவரின் பெயரில். இடையில் ஒருமுறை லீசிங்கை நீட்டிக்கொண்டதால் இன்னும் பதினான்கு இலட்சம் பாக்கி. ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒரு கோடியே ஐந்து இலட்சத்துக்குக் கேட்டிருக்கிறார்.

லெஸ்டரில் இருக்கும் தம்பி, “அக்கா, கப்பலில் போட்டு அனுப்புங்கோ, குடிபெயர்ந்து வாறவங்களுக்கு வரி இல்லை” என்கிறார். கணவரின் நண்பர், “ஓப்பன் பேப்பரில் கையெழுத்து வைத்துத் தந்துவிட்டுப் போங்கோ, மிச்ச லீசிங்கை நான் கட்டுறன், உங்கட பங்கை இப்பவே கையில் தாறன்” என்கிறார். மாமியார், கார் வீட்டிலேயே நிற்கட்டும், பிள்ளைகள் லீவுக்கு வரும்போது ஓடலாம் என்கிறார். “மாமாங்கத்தில் பூசை செய்து எடுத்த முதல் கார், விற்க மனம் வரவில்லை. கொண்டு போனால் அங்கே கார் வாங்கும் செலவாவது மிச்சம்தானே? சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் எடுத்தால் அங்கே ஓடலாம்தானே?” என்று முடித்திருக்கிறார்.

சரி தங்கச்சி, என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விற்றுவிட்டுப் போங்கள். கணவர் நாட்டில் இருக்கும்போதே, அவர் பெயரிலிருந்து காரை முறைப்படி மாற்றிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறுங்கள். உங்கள் தம்பி சொன்னது பொய் இல்லை. ஆனால் அவர் சொன்னது பாதிதான். மற்றப் பாதியில்தான் உங்கள் பணம் இருக்கிறது.

அந்த ஒரு கோடி எதற்கான விலை?

உங்கள் காருக்கு இங்கே ஒரு கோடிக்கு மேல் விலை வருவதற்குக் காரணம் அந்த இரும்பும் இயந்திரமும் அல்ல. ஜப்பானில் அந்தக் கார் ஏலத்தில் போன விலை அதில் சிறிய பகுதி. மிச்சமெல்லாம் இலங்கைச் சுங்கத்தில் கட்டிய வரியும், 2020 மார்ச்சில் வந்த இறக்குமதித் தடையால் ஏறிய விலையும். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதியைத் திறந்துவிட்டாலும் வரி கடுமையாகவே இருப்பதால் பழைய கார்களின் விலை பெரிதாக இறங்கவில்லை. அதாவது உங்கள் வாசலில் நிற்கும் காரின் மதிப்பு, இந்த நாட்டின் எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் மதிப்பு. மட்டக்களப்பில் அதற்கு ஒரு கோடி. கப்பலை விட்டு இங்கிலாந்தில் இறங்கியதும் அது எட்டு, ஒன்பது வருடம் பழைய ஒரு சின்ன டொயோட்டா, அவ்வளவுதான்.

கணக்கைப் பாருங்கள். ஒரு பவுண்டை நானூறு ரூபாய் என்று தோராயமாக வைத்தால், உங்களுக்குச் சொன்ன விலை ஏறத்தாழ இருபத்தாறாயிரம் பவுண்ட். அங்கே இதே வயதுடைய டொயோட்டா ஹைபிரிட் ஒன்றை அதில் பாதிக்கும் குறைவான பணத்துக்கு, அந்த நாட்டுக்கென்றே செய்த, அந்த நாட்டுப் பதிவோடு இருக்கும் காராகவே வாங்கலாம். கொண்டு போனால் செலவு மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையில் கொண்டு போவதுதான் செலவு. இங்கே விற்றால் வரக்கூடிய பணத்தில் பெரும்பகுதியைக் கடலில் விடுகிறீர்கள், அதற்கு மேல் கப்பல் கூலியும் கட்டுகிறீர்கள். இங்கே பதிந்து ஓடிய காரை ஏற்றுமதி செய்கிறோம் என்பதற்காக இலங்கைச் சுங்கம் பழைய வரியைத் திருப்பித் தராது.

இன்னொன்று, இது பலருக்கும் உறைக்காத விஷயம். போன கார் திரும்பி வராது. மூன்று நான்கு வருடத்தில் மனம் மாறி மட்டக்களப்புக்கே வந்துவிட்டால், “இது முதலில் இலங்கையில் ஓடிய கார்தானே” என்று யாரும் விடமாட்டார்கள். புதிய இறக்குமதியாகவே பார்ப்பார்கள். 2025இல் வந்த விதிப்படி மூன்று வருடத்துக்கு மேல் பழைய பயணிகள் கார் நாட்டுக்குள் வர முடியாது. ஊர் திரும்பும்போது அங்கே வாங்கிய காரைக் கொண்டுவரலாம் என்று நினைப்பவர்களுக்கும் இதே பதில்தான். வீட்டுத் தளபாடங்களுக்குக் கிடைக்கும் பயணப்பொதிச் சலுகை காருக்குக் கிடைக்காது.

தம்பி சொன்ன வரி விலக்கு

குடிபெயர்ந்து போகிறவருக்கு இங்கிலாந்தில் வரி விலக்கு உண்டு என்பது சரிதான். வசிப்பிட மாற்றச் சலுகை என்று அதைச் சொல்லலாம். கிடைக்காவிட்டால் காருக்கு 10 வீதம் சுங்கத் தீர்வை, அதையும் கப்பல் கூலியையும் சேர்த்த தொகைக்கு மேல் 20 வீதம் பெறுமதி சேர் வரி. கிடைத்தால் இரண்டும் இல்லை. ஆனால் அது தானாகக் கிடைப்பதில்லை. கார் அங்கே போய்ச் சேருவதற்கு முன்பே அந்நாட்டு வரித் திணைக்களமான எச்எம்ஆர்சிக்கு விண்ணப்பித்து அனுமதி இலக்கம் பெற வேண்டும். விண்ணப்பிப்பவர் குறைந்தது தொடர்ச்சியாகப் பன்னிரண்டு மாதம் இங்கிலாந்துக்கு வெளியே வசித்திருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் அந்தக் காரைச் சொந்தமாக வைத்திருந்து ஓடியிருக்க வேண்டும். கொண்டு போன பிறகு பன்னிரண்டு மாதத்துக்கு அதை விற்கவோ, வாடகைக்கு விடவோ, இரவல் கொடுக்கவோ கூடாது. தம்பி “அக்கா, ஒரு வாரம் ஓடிப்போட்டுத் தாறன்” என்று கேட்டால்கூட யோசிக்க வேண்டியிருக்கும்.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கலும் இருக்கிறது. வேலை விசா உங்களுடையது, கார் கணவருடையது. சலுகை விசாவுக்கல்ல, இடம் மாறுகிற ஆளுக்கும் அவருடைய பொருளுக்கும். ஆகவே விண்ணப்பத்தைக் கணவர்தான் தன் பெயரில், தன் பயணத் திகதியைக் காட்டிப் போட வேண்டும். நீங்கள் முந்திப் போய்விட்டு உங்கள் பெயரில் போட்டால், பதிவுப் புத்தகத்தில் வேறு பெயர் இருப்பதைக் கேட்பார்கள். அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கும் நாட்களில் கார் துறைமுகத்தில் கிடக்கும், களஞ்சியக் கட்டணம் ஏறும்.

வரி விலக்கோடு கதை முடிவதுமில்லை. கார் இறங்கிப் பதினான்கு நாளுக்குள் எச்எம்ஆர்சிக்கு அறிவிக்க வேண்டும், ‘நோவா’ என்று அந்த அறிவிப்புக்குப் பெயர். அதற்குப் பிறகு வாகன அங்கீகாரம். பத்து வயதுக்குக் குறைந்த கார், பிரிட்டன் தரத்துக்கென்று செய்யப்படாததாக இருந்தால், தனி வாகனப் பரிசோதனைக்குப் போக வேண்டும். குடிபெயர்வோரின் சொந்தக் காருக்கு அதில் சற்று இலகுவான படி ஒன்று உண்டு, என்றாலும் பரிசோதனை பரிசோதனைதான். அக்சியோ ஜப்பான் உள்ளூர்ச் சந்தைக்காகச் செய்த கார். வேகமானி கிலோமீற்றரில் காட்டும், அங்கே மைல் தேவை. பின்பக்க மூடுபனி விளக்கு கட்டாயம், ஜப்பான் கார்கள் பலவற்றில் அது இருக்காது. இரண்டையும் மாற்றலாம், பெரிய வேலை இல்லை. ஆனால் யார் செய்வது, எங்கே கொண்டுபோவது, அதுவரை கார் எங்கே நிற்பது? இலங்கை இலக்கத் தகட்டோடு அங்கே நீங்கள் நினைத்தபடி ஓட முடியாது. முன்கூட்டியே பதிந்துவைத்த பரிசோதனைக்குப் போக மட்டுமே விடுவார்கள். அதன் பிறகு மூன்று வருடத்துக்கு மேற்பட்ட காருக்கு வேண்டிய எம்ஓடி என்ற வருடாந்தத் தகுதிப் பரிசோதனைச் சான்றிதழ், அந்நாட்டு வாகனப் பதிவு அலுவலகமான டிவிஎல்ஏயில் பதிவு, வீதி வரி, காப்புறுதி.

காப்புறுதியில்தான் அதிகம் வலிக்கும். அக்சியோ அங்கே விற்கப்பட்ட மாதிரி அல்ல. ‘இறக்குமதி வாகனம்’ என்றதும் பல கம்பனிகள் விலகிக்கொள்ளும், மிச்சமுள்ளவை கூடுதலாகக் கேட்கும். இங்கே நீங்கள் விபத்தில்லாமல் சேர்த்த போனஸை பெரும்பாலான கம்பனிகள் கணக்கெடுக்கமாட்டா. கதவுக் கண்ணாடி ஒன்று உடைந்தால் உதிரிப்பாகத்துக்குத் தேடித் திரிய வேண்டும். எட்டு மணித்தியாலம், பன்னிரண்டு மணித்தியாலம் என்று முறை மாறி வேலை செய்யப்போகிற தாதிக்கு இதற்கெல்லாம் நேரம் எங்கே?

கப்பலைப் பற்றி நீளமாகச் சொல்லத் தேவையில்லை. மட்டக்களப்பிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட்டி அல்லது லொறியில் ஏற்றிக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். 2023 கடைசியில் செங்கடல் பிரச்சினை தொடங்கிய பிறகு பல கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றியே போயின, அது நாளையும் கூலியையும் கூட்டியது. ஹைபிரிட் பற்றரி இருப்பதை முன்கூட்டியே அறிவிக்கச் சொல்வார்கள். காரின் டிக்கிக்குள் பாய், மிளகாய்த்தூள், கருவாடு எல்லாம் அடுக்கி அனுப்பலாம் என்ற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். பெரும்பாலான கப்பல் கம்பனிகள் காரை வெறுமையாகவே கேட்கும்.

(ஒரு சின்னத் தகவல்: 1945க்கு முன் இலங்கையில் முதற்பதிவான பழைய பயணிகள் கார்களை வெளியே கொண்டுபோக ஏற்றுமதி அனுமதி வேண்டும். உங்கள் அக்சியோவுக்கு அந்தக் கௌரவம் இல்லை. ஆனால் தாத்தாவின் கொட்டிலில் பழைய கார் வைத்திருக்கும் வாசகர்கள் கவனிக்கவும்.)

லீசிங் கார் இன்னும் முழுதாக உங்களுடையதல்ல

ஏற்றுமதி பற்றிப் பேசும் பலரும் மறக்கும் இடம் இது. பதிவுப் புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். கணவரின் பெயர் பதிவுபெற்ற உரிமையாளர் என்ற இடத்தில் இருக்கும், முழு உரிமையாளர் என்ற இடத்தில் லீசிங் கம்பனியின் பெயர் இருக்கும். 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின் கீழ், கடைசித் தவணை கட்டி, அந்தப் பெயர் நீங்கும்வரை கார் கம்பனியின் சொத்து. நீங்கள் அதைப் பாவிக்கிறவர்கள். அவர்களின் எழுத்து மூல சம்மதம் இல்லாமல் அதைக் கப்பல் ஏற்றுவதும் இன்னொருவருக்குக் கைமாற்றுவதும் ஒப்பந்த மீறல் மட்டுமல்ல, நம்பிக்கை மோசடி என்று பொலிசுக்குப் போகக்கூடிய விஷயம். வெளிநாட்டில் வேலை செய்யும்போது ஊரில் உங்கள் கணவரின் பெயரில் ஒரு பொலிஸ் முறைப்பாடு கிடப்பதை நீங்கள் விரும்பமாட்டீர்கள்.

முதல் வேலை, லீசிங் கம்பனிக்கு எழுதி, இன்ன திகதியில் முழுப் பாக்கியையும் தீர்த்தால் எவ்வளவு என்று எழுத்தில் கேட்பது. பதினான்கு இலட்சம் என்பது உங்கள் கணக்கு. எதிர்கால வட்டியில் எவ்வளவு கழிக்கிறார்கள், முன்கூட்டியே தீர்ப்பதற்குக் கட்டணம் போடுகிறார்களா என்பது உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கும். சொல்லும் தொகை நியாயமாகப் படவில்லையானால் கிளை முகாமையாளரோடு சண்டை பிடிக்காதீர்கள். முதலில் கம்பனியின் தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள், பிறகு இலங்கை மத்திய வங்கியின் நிதி நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு எழுதுங்கள். எழுதிய கடிதத்துக்கு இருக்கும் மரியாதை தொலைபேசியில் கத்துவதற்கு இல்லை.

நண்பரின் ஓப்பன் பேப்பர்

உங்கள் கடிதத்தில் எனக்கு உண்மையில் பயம் தந்த பகுதி கப்பல் அல்ல, இதுதான்.

கிழக்கில் ஓப்பன் பேப்பர் வியாபாரம் சாதாரணமாகிவிட்டது. விற்பவர் மாற்றப் படிவத்தில் கையெழுத்து மட்டும் வைத்துக் கொடுப்பார், வாங்கியவர் பெயரை நிரப்பாமல் ஓடுவார், பிறகு இன்னொருவருக்கு அதே தாளோடு கைமாற்றுவார். மாற்றக் கட்டணம் மிச்சம், அலைச்சல் மிச்சம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். மோட்டார் போக்குவரத்துச் சட்டத்துக்கு அந்தத் தாளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்குத் தெரிந்தது பதிவில் இருக்கும் பெயர்.

கார் கல்லடிப் பாலத்தில் ஒருவரை மோதிவிட்டுப் போனால் பொலிஸ் தேடி வருவது உங்கள் கணவரை. அப்போது யார் ஓட்டியது என்று சொல்ல வேண்டிய கடமையும் அவருக்கு. காயப்பட்டவர் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டால் பிரதிவாதி அவர். காரில் கஞ்சாவோ சட்டவிரோத மணலோ பிடிபட்டால் முதல் விசாரணை அவரிடம். அழைப்பாணை இங்கே மாமியாரின் கதவில் ஒட்டப்படும், பதில் சொல்ல வேண்டிய ஆள் இங்கிலாந்தில் இருப்பார். அதற்கு மேல் உங்கள் விஷயத்தில் லீசிங்கும் ஓடிக்கொண்டிருக்கும். நண்பர் மூன்று தவணை விட்டால், பாக்கிதாரர் என்று கடன் தகவல் பணியகத்தில் ஏறுவது கணவரின் பெயர். அவர் நல்ல நண்பராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு வருத்தம் வந்தால், வியாபாரம் படுத்தால், அவர் அந்தக் காரை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டால்? கையில் தருகிறேன் என்ற பணத்துக்கு முன்னால் நீங்கள் கொடுப்பது பெரிது.

அவருக்கே விற்க விரும்பினால் தாராளமாக விற்கலாம், முறையாக. அவர் தன் பெயரில் புதிய லீசிங்கோ வங்கிக் கடனோ எடுக்கட்டும். அந்தப் பணம் நேராக உங்கள் லீசிங் கம்பனிக்குப் போய்ப் பழைய பாக்கி தீரட்டும், மிச்சம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும். “அதெல்லாம் எதுக்கு, நமக்குள்ள” என்று இழுத்தால், அவரிடம் அந்தக் கடனை எடுக்கும் தகுதி இல்லை என்று புரிந்துகொள்ளுங்கள். வங்கி நம்பாத இடத்தில் நீங்கள் ஏன் உங்கள் பெயரை வைக்க வேண்டும்?

வீட்டில் நிற்கட்டும் என்றால்?

மாமியாரின் யோசனை சட்டப்படி பிழையில்லை. காருக்கு அது நல்லதல்ல, அவ்வளவுதான். கடற்கரைக்குக் கிட்ட உப்புக் காற்றில் ஓடாமல் நிற்கும் ஹைபிரிட்டின் பற்றரி பழுதாகும், டயர் போகும், எலி வயரைக் கடிக்கும். தவணை நின்றுவிடாது. வருமான அனுமதிப்பத்திரம் வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். ஓடாத வாகனம் என்று பிரதேச செயலகத்தில் உரிய காலத்துக்குள் அறிவித்தால் அந்தத் தொல்லை குறையும், அறிவிக்காமல் விட்டால் பின்னால் தண்டமும் சேர்த்துக் கட்ட வேண்டி வரும். சும்மா நிற்கிற காரை உறவுக்காரர் யாராவது ஹயருக்கு ஓட ஆரம்பித்தால் உங்கள் தனிப்பட்ட பாவனைக் காப்புறுதி அதற்குப் பதில் சொல்லாது. ஒரு வருடத்துக்குள் திரும்புகிற உத்தேசமிருந்தால் நான் இவ்வளவு எதிர்க்கமாட்டேன். பிள்ளைகளோடு குடும்பமாகப் போகிறீர்கள், அப்படித் தெரியவில்லை.

சாரதி அனுமதிப்பத்திரம் பற்றி

சர்வதேச அனுமதிப்பத்திரம் எடுத்தால் போதும் என்பது தவறு. நீங்கள் இங்கிலாந்தில் குடியிருப்பாளராகும் நாளிலிருந்து பன்னிரண்டு மாதம், உங்கள் இலங்கை அனுமதிப்பத்திரத்தில் அங்கே கார் ஓடலாம். அந்தக் காலத்தைச் சர்வதேச அனுமதிப்பத்திரம் நீட்டாது. சில நாட்டவர்கள் தங்கள் அனுமதிப்பத்திரத்தைக் கொடுத்து அங்கத்தையதை மாற்றிக்கொள்ளலாம், இலங்கை அந்தப் பட்டியலில் இல்லை. நீங்களும் கணவரும் எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் இரண்டிலும் சித்தியடைய வேண்டும். எழுத்துப் பரீட்சையில் தமிழில் கேட்கும் வசதி 2014இல் நிறுத்தப்பட்டது. ஓட்டப் பரீட்சைக்குத் திகதி கிடைக்க மாதக்கணக்கில் காத்திருக்க நேர்கிறது. ஆகவே போய் மின் விசா, வங்கிக் கணக்கு எல்லாம் ஒழுங்கானதும் தற்காலிக அனுமதிப்பத்திரத்துக்கு விண்ணப்பித்துவிடுங்கள். பன்னிரண்டாம் மாதம் வரை விட்டால், பதினைந்து வருடம் கார் ஓடியவர்கூட ‘எல்’ தகடு கட்டிப் பக்கத்தில் ஒருவரை வைத்து ஓட வேண்டிவரும். உங்கள் இருவருக்கும் இந்தக் கணக்கு வெவ்வேறு நாளில் தொடங்குகிறது என்பதையும் குறித்துவையுங்கள். நீங்கள் நான்கு மாதம் முந்திப் போகிறீர்கள்.

காப்புறுதி இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாதீர்கள். பிடிபட்டால் 300 பவுண்டும் அனுமதிப்பத்திரத்தில் ஆறு புள்ளியும், காரைத் தூக்கிக்கொண்டும் போவார்கள். அங்கே கார் வாங்கும்போது தம்பியின் உதவி உண்மையாகவே தேவைப்படும் இடம் வேறு: இலக்கத்தைப் போட்டால் அந்தக் காரின் எம்ஓடி வரலாறு முழுவதையும் அரசாங்க இணையத்தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம், பழைய கடன் பாக்கி இருக்கிறதா என்பதைச் சிறு கட்டணத்தில் பார்க்கலாம். டிவிஎல்ஏ தரும் பதிவுப் புத்தகம் உரிமைப் பத்திரம் அல்ல. விற்பவர் அதைக் காட்டிவிட்டதால் கார் அவருடையது என்று நம்பிவிடாதீர்கள்.

விற்ற பணம்

ரூபாயில் வரும் பணத்தை அப்படியே பவுண்டாக மாற்றி அனுப்பலாம் என்று நினைத்திருந்தால் அது நடக்காது. 2017ஆம் ஆண்டின் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டத்தின் கீழ், நிரந்தர வதிவிட உரிமை பெற்றுக் குடிபெயர்ந்தவர்களுக்கென்று தனி ஏற்பாடு இருக்கிறது. தொழில் விசாவில் போகும் நீங்கள் இப்போது அந்த வகைக்குள் வரமாட்டீர்கள். பயணச் செலவுக்கென்று வங்கி அனுமதிக்கும் அளவு மட்டும் எடுத்துக்கொண்டு மிச்சத்தை இங்கே வையுங்கள். உண்டியலில் அனுப்பித் தருகிறோம் என்று ஆள் வரும். வேண்டாம். பணம் போய்ச் சேராவிட்டால் கேட்க ஒரு இடமும் இல்லை. போய்ச் சேர்ந்தால், அது எங்கிருந்து வந்தது என்று அங்கத்தைய வங்கி கேட்கும்போது காட்ட ஒரு தாளும் இல்லை.

லீசிங் தீர்ந்த பிறகு கையில் தொண்ணூறு இலட்சம் அளவில் மிஞ்சும். வேறு கடன் இருந்தால் முதலில் அதை அடையுங்கள். மிச்சம் நிலையான வைப்பில் இருக்கட்டும், அங்கே வேலை பிடிக்காமல் திரும்ப நேர்ந்தால் அந்தப் பணம் உங்களுக்குப் பலம். அங்கே காரை முதல் மாதமே வாங்க வேண்டியதுமில்லை. வைத்தியசாலைக்கு பஸ் ஓடும் ஊராகப் பார்த்து வீடு எடுங்கள்.

என்ன வரிசையில் செய்வது

லீசிங் கம்பனியிடம் எழுத்தில் தொகையைப் பெற்ற பிறகு வாங்குபவரோடு எழுத்தில் ஓர் உடன்படிக்கை செய்யுங்கள். முற்பணத்தை வங்கி மூலம் வாங்குங்கள். பாக்கி தீர்ந்ததும் கம்பனியின் விடுவிப்புக் கடிதமும், முழு உரிமையாளர் பெயரை நீக்குவதற்கான கையெழுத்திட்ட ஆவணங்களும் உங்கள் கைக்கு வரவேண்டும். பிறகு கணவரும் வாங்குபவரும் அடையாள அட்டையோடு ஒன்றாகப் போய் உரிமை மாற்றத்தை ஒப்படையுங்கள். மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மட்டக்களப்பு அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள், அங்கே முடியாத வேலையானால் நாரஹேன்பிட்டைத் தலைமை அலுவலகத்துக்குப் போக வேண்டும். ஒப்படைத்ததற்கான பற்றுச்சீட்டு, விற்ற உடன்படிக்கை, வாங்கியவரின் அடையாள அட்டைப் பிரதி, கார் கைமாறிய திகதியும் நேரமும் எழுதி இருவரும் கையெழுத்திட்ட தாள், இவை நான்கையும் படம் எடுத்து உங்கள் தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் வையுங்கள். பழைய காப்புறுதியை நிறுத்தி மிச்சக் காலத்துக்குப் பணம் திரும்ப வருமா என்று கேளுங்கள்.

கணவர் கிளம்பும் நாளுக்குள் மாற்றம் முடியாவிட்டால் மட்டும் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோனித் தத்துவம் கொடுக்கலாம். அது இந்த ஒரு காரை விற்று உரிமை மாற்றுவதற்கு மட்டும் என்று இலக்கம் போட்டு எழுதிய விசேட தத்துவமாக இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் அதிகாரம் கொடுக்கும் பொதுத் தத்துவம் வேண்டாம், காணி உறுதிகளும் அதற்குள் போய்விடும். வாங்குபவரையே தத்துவக்காரராக்கச் சொன்னால் மறுத்துவிடுங்கள். அது ஓப்பன் பேப்பருக்கு இன்னொரு பெயர்தான்.

இவ்வளவும் படித்த பிறகும் கார்தான் முக்கியம் என்று நீங்கள் இருவரும் முடிவெடுத்தால் அது உங்கள் உரிமை. அப்படியானால் லீசிங்கைத் தீர்த்து, புத்தகம் கணவரின் பெயரில் சுத்தமாக வந்த பிறகு, வசிப்பிட மாற்றச் சலுகையின் அனுமதி இலக்கம் கையில் கிடைக்கும் வரை கப்பலுக்கு முற்பணம் கட்டாதீர்கள். அங்கே காப்புறுதி தரத் தயாரான ஒரு கம்பனியின் விலையையும் எழுத்தில் வாங்கி வையுங்கள். அந்த விலையைப் பார்த்ததும் மனம் மாறினால், ஒரு கோடியே ஐந்து இலட்சம் கேட்டவரின் தொலைபேசி இலக்கம் உங்களிடம் இருக்கட்டும்.

உங்கள் பயணத்துக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று எழுதவில்லை. கணவருக்கு நான்கு மாதம் கூடுதலாக இருப்பது நல்லதாயிற்று, விற்பனையை அவர் பொறுப்பில் விடலாம். நீங்கள் போவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: அந்த நண்பரிடம் கணவர் ஏற்கெனவே ஏதாவது தாளில் கையெழுத்து வைத்துக் கொடுத்திருக்கிறாரா என்று கேளுங்கள். கொடுத்திருந்தால் இன்றே திருப்பி வாங்குங்கள்.